ரிங்கிக்கு நாங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்த கதை

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்து நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எங்களைப் போலவே அவர்கள் தெருவிலும் ஒரு 'புது வீட்டுக் குழு' ஆரம்பிக்கப் போகிறார்களாம். எப்படி நடத்துவது என்று நான் சொல்லித் தர வேண்டுமாம். சும்மா விடுவேனா? அவர்கள் காபி ஆறிப்போகும்வரை பேசினேன்.

பேச விஷயமும் இருக்கிறது. வெளியூரிலிருந்து எங்கள் தெருவுக்கு யார் குடிவந்தாலும் அன்றைக்கே கதவைத் தட்டிவிடுவோம். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குப்பை வண்டி எப்போது, எந்த டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார்... எல்லாம் எழுதிய ஒரு தாள். கூடவே ஒரு ஆள். முதல் ஆறு மாதம் அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஆதாரில் முகவரி மாற்றமா, கேஸ் கனெக்‌ஷனா, ஸ்கூல் அட்மிஷனா — முடித்துத் தராமல் விட மாட்டோம். தற்பெருமைதான். செய்துவிட்டுத்தானே பேசுகிறேன்?

ஆனால் அந்த நான்கு பேரிடம் ஒரு கதையை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டேன். நீங்கள் வாராவாரம் இந்தப் பத்தியில் என்னைச் சகித்துக்கொள்பவர்கள். உங்களிடம் என்ன ஒளிவு மறைவு?

ரிங்கிக்கு ஏழு வயது. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அப்பா தீபக்குக்கு தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை. அம்மா சபிதா வீட்டில் இருக்கிறாள். இவர்களுக்குப் பொறுப்பாளர் அடியேன். சின்ன வயதில் ஹிந்தி க்ளாஸுக்குப் போனேன் என்ற ஒரே தகுதி!

முதல் நாளே சொதப்பினேன். வடக்கே இருந்து வருகிறார்கள், சைவமாகத்தான் இருப்பார்கள் என்று நானே முடிவு செய்து ஒரு தூக்கு நிறைய சாம்பார் சாதம் கொண்டுபோனேன். சபிதா மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, "தீதி, இங்க மீன் எங்க கிடைக்கும்?" என்று ஹிந்தியில் கேட்டாள். தீதி என்றால் அக்கா. எங்கள் தெருமுனையில் கூடை வைத்து விற்கும் வைத்திக்குப்பம் தனத்திடம் அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைத்தேன். நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

ரிங்கியை இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். அங்கே ஆரம்பித்தது தலைவலி. பெண் வாயே திறப்பதில்லை. டீச்சர் கேள்வி கேட்டால் பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சில நேரம் திரும்புவதில்லை.

குழு கூடியது. எங்கள் தலைவர் மிஷேல் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"பயப்பட ஒண்ணுமே இல்ல மதாம். பதினெட்டு வயசுல நான் பிரான்ஸ்ல போயி எறங்குனேன். பாஷ தெரியாது. மூணு மாசம் ஊமை மாதிரி கெடந்தேன். ஒரு நாள் தானா வாய் தொறந்துச்சு. வுவாலா... பாத்தீங்களா!"

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. பாஷைதான் பிரச்னை. மருந்து — தினமும் மாலை ஆறு மணிக்கு என் வீட்டு ஹாலில் தமிழ் வகுப்பு. போர்டு வாங்கினேன். அதில் எழுதிக்கொண்டே அம்மா, ஆடு, இலை என்று சொல்வேன். ரிங்கி என் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

சபிதா ஒரு தடவை ஆரம்பித்தாள். "தீதி, ரிங்கிக்கு நாலு வயசுல..."

"அட, சின்னப் பசங்க சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க. கவலைப்படாத!" என்றேன். அடுத்த வாரம் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி தைரியம் சொன்னேன். தைரியம் சொல்வதில் எனக்கு நிகர் யார்?

மூன்று மாதம் ஓடியது. ரிங்கி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வகுப்புக்கு இறக்கிவிடலாமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். தீபக் மனம் தளர்ந்துவிட்டார். ஊரில் அண்ணன் வீட்டில் ரிங்கியை விட்டுவிடப் போவதாகச் சொல்லி, வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

கெஞ்சினேன், திட்டினேன். "நீங்க எவ்வளவோ செஞ்சீங்க தீதி. அவளுக்கு இந்த ஊரு ஒத்து வரல" என்றார். சபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவளிடமிருந்து ஏழு வயதுப் பிள்ளையைப் பிரிப்பதா? அதுவும் என் பொறுப்பில் இருக்கும் குடும்பத்திலா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் வாங்கப் போனேன்.

"நெத்திலி வாங்கு யக்கா, இன்னிக்கு வந்தது! சங்கரா வேணாம், அது நேத்து மீனு!"

யாரோ ஒரு அம்மாவிடம் தொழில் ரகசியத்தைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தது... ரிங்கி. தமிழில்! அசல் குப்பத்துத் தமிழில்!

"அடிப்பாவி, எம்பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே!" என்று அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து தனம் கத்தினாள். ரிங்கி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தனம்... இவ தமிழ் பேசுறாளா?"

"இன்னாம்மா இப்புடி கேக்குற? ஸ்கூல் உட்டா நேரா எங்கிட்டதான் வருது. வாய் மூடாது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே!"

"நீ சொல்றது காதுல வுழுந்தாத்தான பேசும்? அதுக்குக் காது மந்தம்மா. பின்னால நின்னு கூப்புட்டுப் பாரு, திரும்பாது. எங்கூட்டுக்காரரு இருக்காருல்ல, மீன்புடி போட்டு இன்ஜின் பக்கத்துலயே ஒக்காந்து ஒக்காந்து காது போச்சு. எங்க பக்கம் நெறைய ஆம்பளைங்களுக்கு அப்புடித்தான். மூஞ்சிக்கு நேரா நின்னு கத்துவோம். இதுகிட்டயும் அப்புடித்தான் பேசுறேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல நீ?"

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். படிச்சவங்களாச்சே!"

ரிங்கியின் பின்னால் போய் நின்று கையைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. நெத்திலியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே சபிதாவையும் ரிங்கியையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண். ஹிந்தியும் தெரிந்தவர். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். வீட்டில் எப்படி இருப்பாள் என்றார். அதற்கும் நானே.

"குழந்தையோட அம்மா நீங்களா?"

"இல்ல, இவங்கதான். நான் வந்து..."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்களேன், ப்ளீஸ்."

என் ஐம்பத்தெட்டு வயதில் யாரும் என்னை இப்படி அனுப்பியதில்லை. கதவிடுக்கில் சபிதாவின் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் இத்தனை பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. ரிங்கிக்கு நான்கு வயதில் கடுமையான காய்ச்சல், பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகுதான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிடிவாதம் என்று ஊரில் அடித்திருக்கிறார்கள். டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் குறைபாடு. கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்து சபிதா கோபமே இல்லாமல் சொன்னாள். "இதத்தான் தீதி நான் சொல்ல வந்தேன்."

வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மாலை மிஷேல் ஐயாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். டிக்கெட் மறுநாளைக்கு. தீபக்கிடம் எப்படிப் பேசுவது என்று நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். உட்கார்ந்ததும் வாயைத் திறந்தேன். மிஷேல் ஐயா என் கையை அழுத்தினார். "மதாம்... அந்தம்மா பேசட்டும்."

சபிதா ரிப்போர்ட்டை விரித்து வைத்து ஒடியாவில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தீபக் எழுந்துபோய், தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகளின் பின்னால் நின்றார். "ரிங்கி" என்றார். இன்னொரு தரம், "ரிங்கி". அவள் வண்ணம் தீட்டிக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு போனை எடுத்து டிக்கெட்டைக் கேன்சல் செய்தார்.

அதற்கப்புறம் எங்கள் ராஜ்யம்தான். காதுக் கருவிக்கு விண்ணப்பம், சான்றிதழ், கையெழுத்து என்று மிஷேல் ஐயா ஃபைலோடு அலைந்தார். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு கிடைத்தது. முதல் வகுப்புக்கு இறக்கவும் இல்லை. என் போர்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். ஒரு குழு தப்புச் செய்யலாம், ஆனால் திருத்திக்கொள்ளும் வேகத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதையும் தற்பெருமையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இரண்டு காதுக்கும் கருவி வந்துவிட்டது. பார்க்கப் போனேன். பழக்க தோஷம்... முகத்துக்கு நேராகக் குனிந்து, "ரிங்கீஈஈ! நல்லாக் கேக்குதாஆஆ?" என்றேன்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏன் யக்கா கத்துற? மெதுவாப் பேசேன்!"

இதையே என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் சொல்கிறாராம்... எனக்குத்தான் காதில் விழவில்லை!