நேரந்தவறாமைக்குப் புள்ளி

வாகரையிலிருந்து வந்த அந்தப் பெண், ஓய்வுக்குப் பிறகு நான் மனு எழுதிக் கொடுக்கும் மேசையில் மூன்று நிராகரிப்புக் கடிதங்களை வைத்தாள். நான் ஓய்வுபெற்ற திணைக்களத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்கு மூன்று முறை நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறாள். அடுத்த நேர்முகத்துக்குள் வயதெல்லை தாண்டிவிடும். மேன்முறையீடு ஒன்றே மிச்சம்.

“எங்கட பக்கத்தால ஒருத்தரையும் எடுக்கிறதில்ல சேர்.”

“இது ஒப்பாரி, பிள்ள. ஆதாரம் வேணும்.”

“ஒப்பாரியும் வைக்காட்டி நாங்க வந்து போனதே ஆருக்கும் தெரியாது சேர்.”

முறைப்படி தகவல் கோரினோம். பெயர்கள் நீக்கிய புள்ளிப் பட்டியல்கள் ஊர் விபரத்தோடு வந்தன. விண்ணப்பதாரி ஒருவருக்கு ஒரு சீட்டு வெட்டினேன். வாகரைக்காரரின் சீட்டில் மட்டும் சிவப்புக் கோடு. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, எத்தனை பேருக்கு வேலை கிடைத்ததோ அத்தனை சீட்டுகளைக் கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு வந்தது. திரும்பப் போட்டுக் குலுக்கினேன். இரண்டு நாள் இதே வேலை. நூற்றுக்கணக்கான குலுக்கல்களில் சிவப்பே வராத தடவைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. திணைக்களத்துக்கோ மூன்று நேர்முகத்திலும் சிவப்பு வரவில்லை.

இந்தச் சோதனை தற்செயலுக்கு இதில் பங்கில்லை என்று அதை விடுதலை செய்யும், குற்றவாளியைக் காட்டாது. அதற்குப் பட்டியலை நிரல் நிரலாகப் பார்க்கவேண்டியிருந்தது. கல்வியிலும் அனுபவத்திலும் வாகரைக்காரர் மற்றவர்களுக்குக் குறைவில்லை. ‘நேரந்தவறாமை’ என்ற நிரலில் மட்டும் அத்தனை பேருக்கும் பூச்சியம்.

“எட்டரைக்கு வரச் சொல்லுவாங்க. எங்கட முதல் பஸ் டவுனுக்கு வரவே ஒம்பது தாண்டும். முதல்நாளே வந்து நிக்க எங்களுக்கு இஞ்ச ஆர் இருக்காங்க சேர்?”

அந்த நிரலைச் சேர்த்த சுற்றறிக்கையை எழுதியவன் நான். சிபாரிசுக் கடிதங்கள் நுழைய முடியாத, அளந்து பார்க்கக்கூடிய ஒரு தகுதி வேண்டுமென்று வாதாடி வென்றேன். எட்டரை மணியையும் நானே குறித்தேன். என் வீட்டிலிருந்து அலுவலகம் நடை தூரம்.

மேன்முறையீட்டில் அதையும் எழுதினேன்.

“உங்கட பேரயே கெடுக்கிறீங்களே சேர்.”

“சுற்றறிக்கையில கையெழுத்து என்ர. அப்ப இதிலயும் என்ர பேர் வரத்தான் வேணும்.”

பதில் வந்தது. இனி நேர்முகம் பகல் பதினொரு மணிக்கு, நேரத்துக்குப் புள்ளியில்லை. ஆனால் வயதெல்லையைத் தளர்த்த விதியில் இடமில்லை. விதிக்கோவையைப் புரட்டிப் பார்த்தேன். பதிலில் ஒரு பிழையும் இல்லை. கடிதத்தைத் தொலைபேசியில் அவளுக்கு வாசித்தேன்.



“அப்ப இனிப் போறவங்களுக்குச் சொல்லலாமா சேர், முதல் பஸ்ஸில போனாலே போதும் எண்டு?”

“ஓம், சொல்லு” என்றேன்.