காதோரம் போன கை

ஆட்டையாம்பட்டியில் கந்தவேலைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய சந்தேகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால், அந்த அட்டையை அடுத்த கடையிலும் காட்டி விசாரித்துவிட்டுத்தான் வாயில் போடுவார். பால்காரர் எதிரிலேயே பாலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். கோயிலில் பூசாரி தரும் திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார் என்று ஊரில் கேலி உண்டு. கெட்ட மனிதர் இல்லை. யாரையும் ஏமாற்றியதும் இல்லை. தன்னை ஏமாற்ற உலகம் முழுக்க வரிசைகட்டி நிற்கிறது என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரிடம், மனைவி உஷாராணி செத்து இன்னும் வருஷத் திதிகூட வராத நேரத்தில், ஒரே மகள் மோகனப்பிரியா வந்து நின்றாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. நல்ல மார்க். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் பி.காம் சேர்த்துவிட்டு, அப்படியே வீட்டை ஒட்டியிருக்கும் தன் தறிக்கூடத்தின் கணக்கையும் அவள் கையில் கொடுத்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

"நான் நர்சிங் படிக்கறனுங்கப்பா" என்றாள் அவள்.

ஏன் என்று கேட்டார். படித்து முடித்த கையோடு வேலை கிடைக்கும் என்றாள். நியாயமான பதில்தான். ஆனால் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கந்தவேலுக்கு அது போதும். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கவில்லை, விசாரிக்க ஆரம்பித்தார்.

ராசிபுரத்திலிருந்து அக்கா மாரக்காள் வந்திருந்தபோது, நர்சிங் படித்தால் வெளிநாடு போகலாம் அத்தை என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள் பெண். பள்ளிக்கூடத்து டீச்சரிடம், சேவை செய்ய ஆசை என்றாளாம். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அம்மா ஞாபகமாக என்றாளாம். ஒரு படிப்புக்கு ஒரு காரணம் சொன்னால் நம்பலாம். ஆளுக்கொரு காரணம் சொன்னால், சொல்லாத காரணம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த விஷயத்தில் கந்தவேல் நினைத்தது தப்பில்லை என்பதை நாமும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாரக்காள் வெற்றிலையை மடித்தபடியே நெருப்பை அள்ளிப் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தாளே தம்பி, அங்க எவனையாச்சும் பாத்திருப்பா. நீ பாட்டுக்குச் சேத்து உட்டுட்டு அப்பறம் மூக்கச் சிந்தாத" என்றாள்.

உடனே கந்தவேலுக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. உஷாராணியை எடுத்த அன்று ஒரு வாலிபன் வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஆண் நர்ஸ், பெயர் தீனதயாளன் என்று யாரோ சொன்னார்கள். பந்தல் ஓரமாக நின்றான், மோகனப்பிரியாவிடம் ஏதோ சொன்னான், காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ பேர் சாகிறார்கள். எல்லா வீட்டுக்குமா கிளம்பிப் போகிறான்?

உஷாராணியின் கதை சின்னது. காய்ச்சல் என்று படுத்தாள், சளி நெஞ்சில் இறங்கியது, மூச்சு விட முடியவில்லை. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தொண்டைக்குள் குழாய் விட்டு மிஷினில் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பிணமாகக் கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில் கந்தவேல் மனைவி பக்கத்தில் இருந்தது கொஞ்ச நேரம்தான். அவருக்குப் பெரிய வேலை ஒன்று இருந்தது. வாங்கிக் கொடுக்கிற மருந்தெல்லாம் பின்வாசல் வழியாக மறுபடி மருந்துக் கடைக்கே திரும்புகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து மருந்துக் கடைக்கு எதிரே தூணில் சாய்ந்து நின்று, புள்ளி வைத்த பெட்டி எதுவும் திரும்பி வருகிறதா என்று காவல் காத்தார். பார்வை நேரத்தில் உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். "நீ போய் அம்மாளப் பாத்துட்டு வா சாமி, நான் இவனுங்களப் பாத்துக்கறேன்" என்று மகளை அனுப்புவார். கடைசிவரை ஒரு புள்ளியும் திரும்பி வரவில்லை. வராததும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இப்போது மகள் சனிக்கிழமைதோறும் சேலம் போகத் தொடங்கியிருந்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் தோழி தமிழினி வீட்டுக்கு என்றாள். கந்தவேல் தமிழினியின் அப்பாவுக்கு போன் போட்டு, ஊர் நடப்பு பேசுவதுபோலப் பேசி, அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வாரக்கணக்கு ஆகிறது என்று தெரிந்துகொண்டார். கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சரி என்று சொல்லாமல் அவள் போகமாட்டாள். அடுத்த சனிக்கிழமை உண்மை தெரிந்துவிடும், அதோடு நர்சிங்குக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினார். எங்கே இறங்குவாள் என்று அவருக்கு ஒரு யூகம் இருந்தது. யூகம் சரிதான். அதே ஆஸ்பத்திரி இருக்கும் குறுகலான ரோடு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு பேக்கரி. உள்ளே மோகனப்பிரியா. அவளுக்கு எதிரே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யூனிஃபார்மில் ஒருவன். அவன் பக்கவாட்டில் திரும்பியபோது தெரிந்தது, தீனதயாளன்.

எதிர்ப்பக்கம் ஒரு இளநீர் வண்டியின் மறைவில் கந்தவேல் நின்றார். அதே நேரம் ஒரு பெண் வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் உடை, தலையில் முக்காடு, நாற்பது வயது இருக்கும். கௌசியா சிஸ்டர். உஷாராணி கிடந்த வார்டில் பார்த்த முகம்தான். சரி, தூது போகிறவள் இவள்தானா என்று கந்தவேல் பல்லைக் கடித்தார்.

இந்த இடத்தில் தறிக்கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விசைத்தறிகள் ஓடும்போது உள்ளே பேச்சு எடுபடாது. காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் தறி ஓட்டுகிறவர்கள் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள், மீதியைக் கை பேசும். ரெண்டு விரலைக் கத்தரிபோல வெட்டினால் இழை அறுந்துவிட்டது. ஆள்காட்டி விரலைச் சுழற்றிக் கையை மூடினால் ஃபேனை நிறுத்து. ஆளுக்கொரு அடையாளமும் உண்டு. கந்தவேலுக்கு உண்டானது, கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைப்பது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு எந்தத் தறி நின்றது, எவன் பீடி குடிக்கப் போனான் என்று அவர் ஒட்டுக் கேட்பதை வைத்து வேலைக்காரர்கள் கேலியாக உண்டாக்கியது. உஷாராணி அதையே பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதிலிருந்து, தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கை காதோரம் போகும். மற்றவர்கள் செய்தால் எரிந்து விழுவார். அவள் செய்தால் சிரித்துக்கொண்டே போவார்.

வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் இருந்து அவருக்குக் காது பாதி போய்விட்டது. ஆனால் தெருவின் அந்தக் கோடியில் நின்று பேசுகிறவன் வாயைப் பார்த்து இந்தக் கோடியிலிருந்தே விஷயத்தைச் சொல்லிவிடுவார். பேக்கரிக் கண்ணாடி அவருக்கு ஒரு தடையே இல்லை.

மோகனப்பிரியா ரெண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்டினாள். தீனதயாளன் அதேபோலச் செய்தான். கந்தவேல் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். தறிக்கூடத்துப் பாஷையை இவனுக்கு எதற்குச் சொல்லித் தருகிறாள்? நாளைக்கு என் எதிரிலேயே எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்ளவா? எனக்குத்தானே அது முதலில் தெரியும் என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு உறைக்கவில்லை. அடுத்து விரலைச் சுழற்றிக் கையை மூடினாள். கௌசியா தலையாட்டி, "குளிருதுன்னா இப்படிக் காட்டுவாங்க" என்று சொன்னது வாயசைவில் தெளிவாகத் தெரிந்தது. கந்தவேலின் கோபம் ஒரு நொடி தடுமாறியது. யாருக்குக் குளிருது?

அப்புறம் மகள் மெதுவாக வலது கையை எடுத்துக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்தாள்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் கந்தவேலின் கால் தானாக ஓர் அடி முன்னால் வந்தது. கூப்பிட்டால் போய்த்தானே பழக்கம்.

"இது எங்கப்பாவுக்கு உண்டானதுங்க" என்றாள் மகள். "அம்மா இதத்தான் பண்ணிப் பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க."

கௌசியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். "குழாயக் கட்டின துணி காதுக்குப் பின்னாடிதான் போவும். அதை அவுக்கத்தான் கையக் கொண்டு போறாங்கன்னு நெனச்சேன். நான்தானே கட்டிலோட சேத்துக் கையக் கட்டினேன். கட்டின கையிலயும் விரலைக் குவிச்சாங்க. நீ பாத்துச் சொல்ற வரைக்கும் புரியலியே."

ஒரு பஸ் குறுக்கே வந்து நின்று மறைத்தது. அது நகர்ந்த நேரத்தில் கந்தவேலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. உஷாராணி போவதற்கு முந்தின நாள், மருந்துக் கடைக்கு எதிரே தூணில் சாய்ந்து நின்றவரிடம் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். உங்களைத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள், உடனே வாங்க என்றான். கந்தவேல் அவனை மேலும் கீழும் பார்த்தார். என்னை இங்கிருந்து நகர்த்திவிட்டு மருந்தைக் கடத்தப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. "என் புள்ள உள்ளதான் இருக்குது, அவகிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். அவன் கெஞ்சினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டதால்தான் அந்த முகம் சரியாக நினைவில் நிற்கவில்லை. அது தீனதயாளன். அன்று சாயங்காலமே உஷாராணிக்கு நினைவு தப்பிவிட்டது.

கண்ணாடிக்குள் கௌசியா கேட்டாள், இதை அப்பாவிடம் சொல்லிப் படிக்கக் கேட்கலாமே என்று. மோகனப்பிரியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சொன்னா அவரு தாங்க மாட்டாருங்க சிஸ்டர். கூப்பிட வந்த ஆளத் தொரத்தி உட்டோம்னு தெரிஞ்சா அப்பறம் அவரு மனுசனாவே இருக்க மாட்டாரு. அதுக்கு நான் படிக்காமயே இருந்துக்கறேன்."

எத்தனையோ பேர் வாயை ஒட்டுப் பார்த்திருக்கிறார் கந்தவேல். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான். அழுகை வந்தது. இளநீர்க்காரர் என்னங்க ஆச்சு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ரோட்டைக் கடந்தார். ரெண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்ததும் அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் உள்ளே வந்ததும் மோகனப்பிரியா வெளுத்துப் போய் எழுந்தாள். அவர் காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. பழக்கம் விடுமா? முதலில் தீனதயாளனைத்தான் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். கெங்கவல்லி என்றான். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது என்றான். சரி என்றார்.

கௌசியாதான் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள். இந்தப் பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் தறிக்காரர்கள், குழாய் போட்டால் கையால்தான் பேசப் பார்க்கிறார்கள், அதனால்தான் பாப்பாவிடம் கற்றுக்கொள்கிறோம் என்றாள். ஒன்று மட்டும் பாப்பாவுக்குத் தெரியவில்லையாம். "வலிக்குதுன்னு தறிப்பட்டறையில எப்படிங்கண்ணா காட்டுவீங்க?"

கந்தவேல் யோசித்தார். இத்தனை வருஷத்தில் தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து நெற்றி உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறார். விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறார். உஷாராணி காய்ச்சலோடு நின்று தறி ஓட்டியதையும் பார்த்திருக்கிறார்.

"அதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். "ஆரும் சொன்னதில்ல."

பிறகு தீனதயாளன் பக்கம் திரும்பி, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இனிமே என்னாட்டம் ஒருத்தன் வெளிய நின்னான்னா, கெஞ்சிட்டு நிக்காதீங்க. நம்பாட்டிப் போறான். இப்படிக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருங்க."

மகளைப் பார்த்தார். அவள் படிப்புக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பிடித்த கையை விட்டு, முஷ்டியை மடக்கி, தறியை ஓட்டக் கைப்பிடியைத் தள்ளுவதுபோல் முன்னால் தள்ளிக் காட்டினார். ஓட்டு என்று அர்த்தம். அது என்னவென்று கௌசியா கேட்டாள். மோகனப்பிரியாவால் அழுகையில் பதில் சொல்ல முடியவில்லை.