றைஸ் குக்கருக்குக் காவல்

கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடத்தில் நானும் மனைவியும் போகாத ஊரில்லை. லண்டனில் கலியாணவீடு, பாரிஸில் செத்தவீடு, டென்மார்க்கில் சாமத்தியவீடு. போன இடமெல்லாம் மண்டபத்தையும் கார் நிறுத்துமிடத்தையும்தான் பார்த்தோம். ஒரு மலையையோ தண்ணீரையோ பார்ப்பதற்கென்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டதில்லை. சுவிஸில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கடின் என்ற பள்ளத்தாக்கில் ஒரு விடுதியின் சமையலறையில் இரண்டு குளிர்காலம் வேலை செய்திருக்கிறேன். உலகமே வந்து பார்க்கும் அந்த ஏரிகளை நான் கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த யன்னலால் பார்த்தேன்.

பிறகு வின்டர்தூருக்கு வந்தோம். எனக்கு உணவகத்தில் பின்னேர வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில் அதிகாலைத் துப்புரவு வேலை. மகள் சின்னவளாக இருந்தபோது அவளைப் பஸ் தரிப்பிடத்தில் வைத்துக் கைமாற்றுவோம். மனைவி பஸ்ஸால் இறங்குவாள், பிள்ளையின் கையை அவள் கையில் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் நான் ஏறுவேன். மகள் வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் எங்கள் வேலை நேரம் மாறவில்லை. மாற்றவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவுமில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது வருடத்துக்கு மகள் ஒரு பரிசு தந்தாள். ஜெர்மனியில் ஐஃபல் என்ற இடத்தில் எரிமலை வெடித்த குழிகளில் தண்ணீர் நின்று ஏரிகளாகக் கிடக்கின்றனவாம். அங்கே மூன்று நாளுக்கு ஒரு சின்ன வீடு எடுத்திருந்தாள்.

"எரிமலைக்கோ?" என்றாள் மனைவி.

"அது எப்பவோ அவிஞ்சு போச்சு, அம்மா. இப்ப தண்ணிதான் நிக்குது. ஏரியைச் சுத்தி நடக்கலாம். நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாய் நடந்து போனதை நான் ஒருநாளும் பாக்கேல்லை. அதுக்குத்தான் எடுத்தனான். கட்டாயம் நடக்கோணும்."

மகள் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கண் கலங்கியதை நான் கண்டேன். அதனால் போவதென்று தீர்மானித்துவிட்டேன்.

பிரச்சினை நகையில் வந்தது. பயணத்துக்கு முதல் சனிக்கிழமை ஒரு கலியாணவீடு. அதற்காக வங்கி லொக்கரில் இருந்து எடுத்த நகையைத் திரும்ப வைக்க நேரம் கிடைக்கவில்லை. தமிழர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்ற சங்கதி கள்ளருக்கும் தெரிந்த பிறகு, ஆளில்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு யார் போவார்கள்? எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போய்வருவதற்குள் அலுமாரி வெறுமையாகிவிட்டது. ஆகவே தாலிக்கொடி, அட்டியல், பதக்கச் சங்கிலி, காப்புகள், மகளுக்கென்று சேர்த்தவை எல்லாவற்றையும் மனைவி நான் வீட்டில் உடுக்கும் பழைய சாரத்தில் சுற்றி, றைஸ் குக்கரின் பானைக்குள் வைத்து மூடினாள். தமிழருடைய காரில் றைஸ் குக்கர் இருந்தால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது அவளுடைய கணக்கு. கணக்கு சரிதான். பாசல் எல்லையில் எங்களை யாரும் மறிக்கவில்லை. நான்தான் எல்லை தாண்டும்வரை பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. காரை நிறுத்திவிட்டு மேட்டிலிருந்து ஏரியைப் பார்த்தோம். கொம்பாஸ் வைத்துக் கீறியது போன்ற வட்டம். சுற்றிவரக் காடு. ஆறொன்று வந்து சேர்வதுமில்லை, ஒன்று வெளியே போவதுமில்லை. மனைவி வாய்விட்டு, "வடிவாய் இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம். நான் பாதையில் இறங்க, அவள் காரடியிலேயே நின்றாள்.

"இறங்கி வாருமன்."

"குக்கர் காருக்குள்ளை."

அடுத்தநாள் காலை, குக்கரை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு இருவரும் போவோம் என்றேன். வீட்டுக்காரக் கிழவியிடம் இன்னொரு திறப்பு இருக்கிறதே என்றாள். சரி, முதுகுப்பையில் நான் சுமக்கிறேன் என்றேன். காட்டுக்குள் எவனாவது பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் இந்த வயதில் யார் துரத்துவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

கடைசியில் எங்களுக்குப் பழகிய வழியையே எடுத்தோம். காலையில் நான் ஏரியைச் சுற்றி நடந்தேன், அவள் றைஸ் குக்கருக்குக் காவல் இருந்தாள். மத்தியானம் அவள் போனாள், நான் இருந்தேன். வாசலில் வைத்துத் திறப்பைக் கைமாற்றினோம். பானைக்குள் நகை கிடந்ததால் சோறும் காய்ச்ச முடியவில்லை. கொண்டுவந்த சம்பலோடு பேக்கரியில் வாங்கிய பாண்தான் சாப்பிட்டோம். சாப்பிடும்போது நான் கண்ட நாரையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். சிவப்புத் தொப்பி போட்டு நீந்திய கிழவரைப் பற்றி அவள் எனக்குச் சொன்னாள். ஒரே ஏரியைப் பார்த்துவிட்டு வந்து, வெளிநாட்டில் இருக்கிற ஆளோடு தொலைபேசியில் கதைப்பது போல் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு மகள் தொலைபேசியில் கதைத்தாள். "ரெண்டு பேரும் நடந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, நடந்தனாங்கள்." பொய்யில்லையே.

"அப்ப ரெண்டு பேரும் நிக்கிற ஒரு படம் அனுப்புங்கோவன்."

நான் ஏரியின் படத்தை அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டை ஒப்படைக்கவேண்டும். பெட்டிகளைக் காரில் ஏற்றினேன். மனைவி குக்கரை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். எனக்கு நாய் பெற்ற தெங்கம்பழம் நினைவுக்கு வந்தது. உடைத்துத் தின்னவும் ஏலாது, விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்குக் காவல் இருக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? பிள்ளை எங்களிட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு. அதையும் செய்யாமல் அவளின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது? இஞ்சையும் மாறி மாறி வேலைதானே பாக்கிறம்."

அவள் குக்கரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. கதவு திறந்தபோது, கொளுத்தும் ஜூலை வெயிலில் மழைக் கோட்டுப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்து நின்றாள். கையை அசைக்க, உள்ளே காப்புகள் சத்தம் போட்டன.

"எல்லாத்தையும் போட்டிட்டீரோ?"

"ஓம். ஆரும் பறிக்கிறதெண்டால் என்னையும் சேத்துத்தான் தூக்கிக்கொண்டு போகோணும். நடவுங்கோ."

வெறும் குக்கரைக் காரில் போட்டுவிட்டு நடந்தோம். எதிரே வந்தவர்கள் மழைக் கோட்டைப் பார்த்துவிட்டு வானத்தையும் ஒருமுறை பார்த்தார்கள். ஒரு நாய் அவளை மோந்து பார்க்க வந்தபோது கழுத்தைப் பொத்திப் பிடித்தாள். அவளுக்கு வியர்த்து ஒழுகியது. ஆனாலும் சிரித்துக்கொண்டு வந்தாள். நடந்து போன ஒரு சோடி எங்களைச் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்துத் தந்தது. உடனே மகளுக்கு அனுப்பினேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது.

ஏரியின் மறுகரையில் பாதை மரப்படிகளாகக் கீழே இறங்கியது. நான் விறுவிறுவென்று இறங்கி, ஏதோ சொல்லத் திரும்பினால் பக்கத்தில் அவள் இல்லை. மேலே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். இடது காலை வைப்பாள், வலது காலை அதன் அருகில் கொண்டுவந்து சேர்ப்பாள், நிற்பாள். பிறகு அடுத்த படி. முகத்தில் வேதனையைக் காணவில்லை. பழகிப்போன ஒரு காரியத்தைச் செய்கிற முகம்.

நான் திரும்பி ஏறிப் போனேன்.

"என்ன, காலில?"

"முழங்கால். இறங்கேக்கை மட்டுந்தான் நோகும்."

"எப்ப தொடக்கம்?"

"மூண்டு வருசம் இருக்கும்."

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு விடியற்காலையும் அவள் இப்படித்தான் அந்தப் படிகளை இறங்கியிருக்கிறாள். அவள் போட்டிருந்த நகையில் எது எத்தனை பவுண் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். இது எனக்குத் தெரியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் தோளில் கையை ஊன்றி, அடுத்த படியில் இடது காலை வைத்தாள்.

"நீங்கள் வரேக்கை நான் படுத்திருப்பன். நான் வெளிக்கிடேக்கை நீங்கள் படுத்திருப்பியள்" என்றாள். "படுத்திருக்கேக்கை அது நோகிறேல்லை."