பூங்காவனத்துக்குப் போட்ட மாலை

காஜா பெராங்கில் டிரஸர் தம்பிராஜாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. கை பதமானது, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாயால் எத்தனையோ பேருக்கு நல்லது செய்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்ததும் அதே வாய்தான். அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் வெறும் புகழ்ச்சியாகப் போய்விடும். புகழ்ச்சி எவ்வளவு பொல்லாதது என்பது அவருக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

ஜப்பான்காரன் ஆட்சி போன மறு வருடம் அவருடைய தம்பி பொன்னுதுரை கடன் வாங்கிக்கொண்டு மதராசுக்குப் படிக்கப் போனான். படிப்பு ஏறவில்லை, திரும்பி வந்தான். அன்றிலிருந்து வாரா வாரம் கடன்காரனுடைய ஆள் வாசலில் நின்று கத்துவான். அக்கம்பக்கம் கூடி வேடிக்கை பார்க்கும். ஒருநாள் காலை, பாசாருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிய பொன்னுதுரை திரும்பவே இல்லை. சிங்கப்பூரில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள், சுமத்ராவுக்குக் கப்பலேறிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். கடன் எழுநூறு வெள்ளி. "எழுநூறு வெள்ளிக்கு ஒரு தம்பியைக் குடுத்தேன்" என்று தம்பிராஜா சொல்வார்.

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் கல்விக் கடன் துணைச் சங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் தொடங்கினார்கள். தலைவர் தம்பிராஜா. பொருளாளர், பண்டார் ஹிலிரில் மளிகைக் கடை வைத்திருந்த ஷரீஃபுதீன் பாய். பொருளே இல்லாத சங்கத்துக்கு எதற்குப் பொருளாளர் என்று பாயே கேலி செய்வார். சங்கம் யாருக்கும் பணம் கொடுக்காது. கடன் வாங்கிப் படித்தவர்கள் தவணை கேட்கவோ வட்டியைக் குறைக்கச் சொல்லவோ வட்டிக்கடைக்குப் போனால், கூட இவர்கள் இரண்டு பேரும் போவார்கள். தம்பிராஜா பேசுவார், பாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கடைக்காரர்கள் அதிகம் பயந்தது பாயின் மௌனத்துக்குத்தான்.

சங்கத்தில் ஒரே ஒரு சட்டம், அதுவும் பாய் வைத்தது. கடன் வாங்கியவர் பெயர் மாதக் கூட்டம் நடக்கும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. தம்பிராஜாவின் மனைவி அஞ்சலைக்குக்கூட ஒரு பெயர் தெரியாது.

அந்தப் பெயர்களில் ஒன்று பூங்காவனம். செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் சுப்பையனின் மூத்த மகள். ஆயிரத்து இருநூறு வெள்ளி கடனில் ஆசிரியர் பயிற்சி முடித்து, தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருந்தாள். சம்பளம் வாங்கிய அன்றே தவணையைக் கட்டிவிடுவாள். சுதந்திரம் வந்த ஐம்பத்தேழு ஆகஸ்டில் சரிபாதி கடன் தீர்ந்திருந்தது. புக்கிட் பாருவில் நல்லையா என்ற தோட்டத்துக் கணக்கர், கிராணி, ஒருவரின் மகனுக்கு அவளைப் பேசி, தாம்பூலமும் மாற்றியிருந்தார்கள்.

செப்டம்பரில் சங்கத்துக்கு ஐந்தாம் ஆண்டு விழா. ஊரே மெர்டேக்கா என்ற சுதந்திரக் குஷியில் இருந்த நேரம். பள்ளிக்கூட மண்டபம் முழுக்கப் புதுக்கொடி கட்டியிருந்தார்கள். மரக்கடை முதலாளியான தவுக்கே ஒருவர் சங்கத்துக்கு ஒரு அறை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால், "உங்களால தேறுன ஆளு ஒருத்தரையாவது கண்ணுல காட்டுங்க" என்று கேட்டுவிட்டார். தம்பிராஜாவுக்குப் பூங்காவனத்தின் ஞாபகம் வந்தது. அவளை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவதென்று முடிவு செய்துவிட்டார்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார் பாய்.

"மால போடறதுக்கு யாராச்சும் அனுமதி கேப்பாங்களா, பாய்?"

"நம்ம சட்டம் என்னாச்சு?"

"அது கெட்ட பேருக்குத்தான்லா. இது நல்ல பேரு."

பாய் அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் பேசியிருக்க வேண்டும்.

மேடையில் தம்பிராஜா மைக்கைப் பிடித்தார். "ஆயிரத்து இருநூறு வெள்ளி கடன் வாங்கிப் படித்து, அதில் பாதியைத் தன் சம்பளத்திலேயே அடைத்துவிட்ட வீரப்பெண், நம் பூங்காவனம்!" என்று முழங்கினார். மண்டபம் கைதட்டியது. பெண்கள் வரிசையில் இருந்து பூங்காவனம் எழுந்தாள். நடந்து வந்தாள், தலையைக் குனிந்தாள், மாலை விழுந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் தம்பிராஜா. மூன்றாவது வரிசையில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்த நல்லையாவை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மூன்றாம் நாள் தாம்பூலத் தட்டு சுப்பையன் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

செய்தி காதில் விழுந்ததும் தம்பிராஜா சைக்கிளை மிதித்துக்கொண்டு புக்கிட் பாருவுக்கு ஓடினார். நல்லையா மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"கடன் பெருசில்லீங்க, டிரஸர். எங்ககிட்ட மறைச்சாங்களே, அதுதான் பெருசு. அன்னிக்கு நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? உங்களுக்கு நன்றிதான் சொல்லணும்."

அந்த நன்றி அவரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கெஞ்சினார், காலில் விழாத குறை. நல்லையா அசையவில்லை. காப்பியைத் தொடாமலே எழுந்து வந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பூங்காவனத்தின் வகுப்புக்குப் போனார். அவள் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்குப் பெருமையா இருக்கும்னுதான்..." என்று தொடங்கினார்.

"ஞாயித்துக்கெழம மாப்பிள்ள எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தாருங்க, ஐயா. நானே சொல்லிடலாம்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறது, எதை மொதல்ல சொல்றதுன்னு ரெண்டு வாரமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன்." சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அதைக் கேட்டுட்டு அவரு வேணாம்னு போயிருந்தாலும் எனக்கு வருத்தமில்ல. நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க."

தம்பிராஜா அழுதுவிட்டார். அவள் அழவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, பூங்காவனம் போக, வர வேண்டியவர்கள் பத்தொன்பது பேர். வந்தவர்கள் இரண்டு பேர். நாளைக்கு நம் பெயரும் மைக்கில் வரும் என்று மற்றவர்கள் பயந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வராதவர்களில் இரண்டு பேர் வீட்டு வாசலில் கடன்காரன் ஆள் வந்து கத்த ஆரம்பித்துவிட்டதாகவும் கேள்வி. தம்பிராஜாவுக்குப் பொன்னுதுரை போன அந்தக் காலை நினைவுக்கு வந்தது. தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன், சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பூங்காவனம் உள்ளே வந்தாள்.

"வராதவங்க வெலாசத்தைக் குடுங்க, ஐயா. நான் வீடு வீடாப் போய்க் கூப்பிடறேன்."

தம்பிராஜா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் நின்றபடியே பேசினாள்.

"எம்பேரு ஊரு பூரா நாறிப்போச்சு. இனிமே எம்பேரைச் சொல்லி யாரும் என்னைப் பயமுறுத்த முடியாது. கடன்காரங்க எதிர்ல நான் நின்னு பேசறேன். வெளிய பேரு தெரியணும்னா எம்பேரு மட்டும் தெரியட்டும். மத்தவங்க என் பின்னால மறைஞ்சுக்கட்டும்."

தம்பிராஜா பாயைப் பார்த்தார். பாய், பெயர் எழுதிய நோட்டை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். சங்கத்துக்குச் செயலாளர் கிடைத்தது அப்படித்தான்.

அவள் கிளம்பும்போது தம்பிராஜா வாசல்வரை கூடப் போனார். நெஞ்சு லேசாகியிருந்தது. "நீ பெரிய மனசு பண்ணி என்னை மன்னிச்சியே, அம்மா" என்றார்.

பூங்காவனம் நின்றாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிடாதீங்க, ஐயா. இது அந்தப் பதினேழு பேருக்காக."

பதினேழு பேரில் பதினைந்து பேரை அவள் திரும்பக் கொண்டுவந்தாள். மூன்று வருடத்தில் தன் கடனையும் அடைத்து முடித்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த இரண்டொரு வரன்களையும் அவளே வேண்டாமென்றாள். தம்பிராஜா கண்ணை மூடும்வரை பதினொரு வருடம் வட்டிக்கடை பெஞ்சுகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேசினாள், அவர் பாயைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தார். ஐயா என்ற மரியாதையில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை.