சீட் தேர்ந்து தந்த அம்மா

மலைச்சரிவில் சைக்கிளோடு உருண்டதில் என் சீட்டின் அடிக்கம்பி வளைந்துவிட்டது. புதிது வாங்கக் குர்லாவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரம்மா தாராவித் தமிழர். விரலெல்லாம் கிரீஸ், தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. எந்தச் சீட்டை எடுத்தாலும் கவிழ்த்து, கம்பியை முறுக்கி, முனகுகிறதா என்று காதில் வைத்துக் கேட்பார்.

நான் மெத்தென்றிருந்த ஒன்றை அமுக்கிப் பார்த்தேன்.

"அண்ணே, சோபாவா வாங்க வந்திய?"

"இறக்கத்துல இடுப்பு நோகப்படாது பாருங்கோ."

"இறக்கத்துல நின்னுக்கிட்டுதான வருவிய? உக்காந்தா வண்டி தூக்கி எறிஞ்சிரும். மெத்தை வெறும் கனம்."

"அப்போ சீட்டே எதுக்கு?"

"தொடையால இடுக்கி வண்டியத் திருப்பத்தான். ஒல்லியா, கம்பி உறுதியா இருந்தாப் போதும்."

ஒல்லியான ஒன்றைத் தந்தார். எடை கேட்டேன். என் தொந்தியைப் பார்த்தார்.

"சீட்டு எடையில ஒரு கொறையும் இல்லண்ணே."

பேச்சை மாற்ற, "நீங்க எந்த மலையில ஓட்டறேள்?" என்றேன்.

"நானா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. விழுந்தவுங்க கொண்டுவார சீட்டப் பாத்துப் பாத்துச் சொல்லுதேன்."

அதையே வாங்கி மாட்டிய பிறகு மூன்று முறை விழுந்தாயிற்று. சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளே ஏறாத அந்தம்மாவை அன்று ஏன் அப்படி நம்பினேன் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.