கோமதி மிஸ் கயிற்றால் கட்டிய மடம்

அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து மாணவர்களின் வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே வானொலியில் மரண அறிவித்தல்கள் போய்க்கொண்டிருந்தன. குசினியில் நின்ற மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து, "இஞ்சருங்கோ, கோமதி மிஸ்ஸின்ரை பேரெல்லே சொல்லுகினம்" என்றார். அறிவித்தலை இரண்டு தரம் வாசிப்பார்கள். இரண்டாம் தரம் நானும் கேட்டேன். நயினாதீவைப் பிறப்பிடமாகவும் வேலணையை வதிவிடமாகவும் கொண்ட செல்வி கோமதி காலமானார் என்றது வானொலி. அந்த நேரத்திலும் எனக்குள் அவருடைய குரல்தான் கேட்டது. "வேலணைக்கு நான் நித்திரை கொள்ளத்தானே போறனான். வதிவிடம் பஸ் எண்டு போடச் சொல்லுங்கோ." பொழுதெல்லாம் பஸ்ஸில் அலைந்த அவர் இருந்திருந்தால் நிச்சயமாக இப்படித்தான் சொல்லியிருப்பார்.

இந்த நினைவு மலரை வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் கட்டட வடிவமைப்புப் படித்தவர்கள். மீதிப்பேர் அவர் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள். நான் இந்த இரண்டு வகையிலும் சேராதவன். ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பறையில், அவரோடு சேர்ந்து படிப்பித்தவன். ஒவ்வொரு தவணையிலும் ஒருமுறையாவது அவரோடு சண்டை பிடித்தவன். ஆகவே அழுகையை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லுகிறேன்.

நயினாதீவில் சிறிய கோயில் ஒன்றில் பூசை செய்த ஐயரின் மூத்த மகள் அவர். கோயிற் குடும்பத்துப் பெண் ஒருத்தி கொழும்புக்குப் போய்க் கட்டடக்கலை படிப்பது அந்த நாளில் ஊருக்குப் பெரிய புதினம். தகப்பனாரிடம் யாரோ குறை சொன்னபோது அவர், "கோயிலும் கட்டிடந்தானே" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் கோமதியின் முகத்தில் ஒரு பெருமை வரும்.

முதல் வகுப்பிலேயே மாணவர்களின் பென்சில்களை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். பிறகு எல்லாரையும் காணிக்குக் கூட்டிக்கொண்டு போவார். வெயில் எந்தப் பக்கத்தால் ஏறுகிறது, ஆட்கள் எந்த வழியாக நடக்கிறார்கள், நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால்தான் பென்சில் திரும்பக் கிடைக்கும். "முதல் ஆக்களைக் கீறுங்கோ. சுவர் தானா வரும்" என்பார். நாய் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஊரிலை குளிர்ச்சியான இடம் எது எண்டு அதுக்குத்தான் தெரியும், பாலன் அண்ணை" என்றார்.

கட்டடங்களுக்குச் சின்ன மாதிரி செய்கிற காலம் வந்தால் எங்கள் வகுப்பறை குப்பைமேடாகிவிடும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. மாதிரி செய்கிற மென்மரத்தை நாங்கள் படத்தில்தான் பார்த்தோம். கோமதி மாணவர்களை வேலணையின் சாட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கணவாய் மீனின் ஓடு பொறுக்க வைத்தார். அதைச் சின்னக் கத்தியால் சீவினால் அச்சொட்டாகக் கற்சுவர்போல இருக்கும். காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்து மரங்கள் செய்தோம். ஒட்டுவதற்கு மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை. முதல் மாதிரியைப் பழைய அட்டையில் அவசரமாகச் செய்யச் சொல்லுவார். "இது கிழிக்கிறதுக்கு. வடிவாச் செய்தால் கிழிக்க மனம் வராது" என்பார். யாராவது மாதிரியை மேலே நின்று ரசித்தால் தோளில் கைவைத்துக் குனிய வைப்பார். "கூரையைப் பாக்கிறது காகம். நீர் காகத்துக்கே வீடு கட்டுறீர்? கண்ணை வாசலுக்கு நேரை கொண்டு வாரும்."

இனி அந்த மடத்தின் கதைக்கு வருகிறேன். உங்களில் பலர் அதை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள்.

அந்த வருட இறுதிச் செயற்றிட்டத்துக்கு நான்கு மாணவர்கள் கொண்ட குழு ஒன்று, நயினாதீவில் யாத்திரிகர் தங்கவும் சாப்பிடவும் ஒரு மடத்தை வடிவமைத்தது. கோமதியின் தகப்பனார் பூசை செய்த கோயிலுக்குப் பக்கத்து வெறுங்காணிதான் இடம். குழுவின் தலைவி ரஞ்சினி. சரவணை என்ற ஊர்ப் பிள்ளை. தகப்பனார் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தார். இந்த வருடம் தேறாவிட்டால் படிப்பு போதும், வீட்டோடு இரு என்று அவர் முடிவாகச் சொல்லியிருந்தார். வெளிப் பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்து, காணியிலேயே வைத்து மாதிரியைப் பார்த்துப் புள்ளி போடுவதாக ஏற்பாடு.

மாதிரியை மெழுகுசீலையால் மூடி, பெட்டியில் வைத்து, புங்குடுதீவிலிருந்து மோட்டர் வள்ளத்தில் ஏற்றினோம். கச்சான் காற்று பலமாக வீசும் நாள். நடுக்கடலில் ஒரு அலை பக்கவாட்டாக ஏறி எங்கள் எல்லாரையும் தலையோடு குளிப்பாட்டியது. கரையில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது மரவள்ளிப் பசை கஞ்சியாகியிருந்தது. சுவர்கள் விழுந்து, கூரை மடிந்து, பெட்டிக்குள் நின்ற தண்ணீரில் கணவாய் ஓடுகள் மிதந்தன. வரைபடங்கள் மட்டும் தகரக் குழாய்க்குள் தப்பியிருந்தன.

ரஞ்சினி இறங்குதுறையிலேயே குந்திவிட்டாள். "முடிஞ்சுது மிஸ். அப்பா இனி விடமாட்டார்."

கோமதி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "கல்லுச் சுவர் மிதக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "பரீட்சகர் எப்ப வாறார்?" என்று கேட்டார்.

"அடுத்த வள்ளத்திலை."

"அப்ப நேரம் கிடக்கு."

"என்ன நேரம், கோமதி? மொடல் இல்லாமல் அவர் ஒரு புள்ளியும் போடமாட்டார்."

"மொடல் இல்லையெண்டு ஆர் சொன்னது? பெரிசாச் செய்வம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் நேரே தகப்பனாரிடம் போனார். திருவிழாப் பந்தல் போடும் தடிகள் கோயிற் களஞ்சியத்தில் கிடந்தன. ஐயர் களஞ்சியத் திறப்பைக் கையில் கொடுத்து, "எடு பிள்ளை. எடுத்த இடத்திலை திருப்பி வைக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். கரையில் வலை காயவிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கயிறு வாங்கினோம். கோமதி கயிற்றின் ஒரு நுனியை ரஞ்சினியின் கையில் திணித்தார். "வாசல் எங்கை வருது? சொல்லும்."

ரஞ்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பினாள். வரைபடத்தை மணலில் விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்து, அளந்து அளந்து தடிகளை நட்டோம். தடிக்குத் தடி கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் விறாந்தை, அந்தப் பக்கம் சாப்பாட்டு மண்டபம், பின்னால் மடைப்பள்ளி. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் தங்கள் சேலைகளைக் கொண்டுவந்து கயிற்றில் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறுங்காணியில் சேலைச் சுவர்களோடு ஒரு மடம் எழும்பிவிட்டது. யாரோ ஒருவர் விறாந்தை என்று கயிறு கட்டிய இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடத் தொடங்கினார்.

"இனி வேலை செய்யுதோ எண்டு பாப்பம்" என்ற கோமதி, கோயிலிலிருந்து பெரிய சோற்றுக் கிடாரத்தை எடுப்பித்தார். ரஞ்சினியும் இன்னொரு மாணவனும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு மடைப்பள்ளியிலிருந்து மண்டபத்துக்கு நடந்தார்கள். நடை வழியின் மூலையில் திரும்ப ஏலவில்லை. ரஞ்சினியின் முழங்கை கயிற்றில் சிக்கியது. பின்னுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். மறுபடியும் சிக்கியது. நாங்கள் எல்லாரும் மாதக்கணக்காகப் பார்த்துச் சரி என்று சொன்ன வரைபடம் அது. கோமதியும் கையெழுத்து வைத்திருந்தார். ரஞ்சினி கிடாரத்தை மணலில் வைத்துவிட்டு மூலையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தடியைப் பிடுங்கினாள்.

ஒரு தடியை நகர்த்தினால் ஒரு சுவர் முழுவதும் நகரவேண்டும். எல்லாருமாகக் கயிற்றையும் சேலையையும் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பரீட்சகர் வந்து நின்றார். வெள்ளைக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து, அலையில் நனைந்த முகம். நல்ல மனநிலையில் இல்லை.

"மொடல் எங்கை?" என்றார்.

"அதுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறியள், ஐயா" என்றார் கோமதி.

அவர் சேலைகளைப் பார்த்தார். "அளவுத்திட்டம்?"

"ஒண்டுக்கு ஒண்டு."

ஒரு மாணவன் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். பரீட்சகர் சிரிக்கவில்லை. "விதியிலை இதுக்கு இடமில்லை" என்றார்.

"மொடல் எவ்வளவு சின்னனா இருக்கவேணும் எண்டு விதியிலை கிடக்கே, ஐயா?"

அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். வள்ளம் போய்விட்டிருந்தது. அதனால்தான் நின்றாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கடைசியில் ரஞ்சினியைப் பார்த்து, "இதுதானோ வாசல்?" என்று இரண்டு தடிகளுக்கு இடையில் கை காட்டினார்.

"ஓம் சேர்."

அவர் குனிந்தார். சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு அந்தத் தடிகளுக்கு நடுவால், தலையைச் சற்றுத் தாழ்த்தி, உள்ளே போனார்.

அங்கே சுவரில்லை, வாசல் நிலையில்லை. மணலும் கயிறும்தான். கோமதி என் காதுக்குள் சொன்னார்: "பாலன் அண்ணை, பிள்ளை பாஸ்."

ஆனால் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வரைபடத்தோடு நடந்து பார்த்தவர் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இந்தச் சுவர் படத்திலை இஞ்சை இல்லையே." ரஞ்சினியின் முகம் வெளுத்தது. நான் வாயைத் திறக்கப்போனேன், கோமதி என் காலை மிதித்தார்.

"கொஞ்சம் முந்தி வரைக்கும் படத்திலை கிடக்கிற இடத்திலைதான் இருந்தது, சேர்" என்றாள் ரஞ்சினி. "கிடாரம் திரும்பேல்லை. அதாலை மாத்தினனான்."

"எப்ப மாத்தினீர்?"

"நீங்கள் வள்ளத்தாலை இறங்கேக்கை."

அந்த மனிதர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். கிடாரத்தைக் கொண்டுவரச் சொல்லி, தானே ஒரு காதைப் பிடித்து அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அன்று மத்தியானம் கோயிற் சோறு அந்தச் சேலை மண்டபத்திலேயே பரிமாறப்பட்டது. பரீட்சகர் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நால்வரும் தேறினார்கள். சின்ன மாதிரி ஒன்றும் செய்து கல்லூரியில் ஒப்படைக்கவேண்டும் என்று பரீட்சகர் எழுதியிருந்தார். அதை அவசரமில்லாமல் ஆறுதலாகச் செய்தோம். இனிமேல் இப்படிச் செய்யவேண்டாம் என்று கல்லூரி கோமதியைக் கண்டித்தது. அவர் மிகப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அடுத்தடுத்த வருடங்களிலும் அதையே செய்தார். மடம் பிறகு ஊராரின் முயற்சியால் எழும்பியது. எங்கள் படத்தைவிடச் சிறியது, கூரையும் வேறு. ஆனால் நடை வழி மூலை ரஞ்சினி தடியை நட்ட இடத்தில்தான் இருக்கிறது. அவள் இன்று வவுனியாவில் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறாள்.

கோமதியைக் கடைசியாக வேலணையில் அவருடைய தங்கையின் வீட்டில் பார்த்தேன். அவரே வடிவமைத்த வீடு. நோயால் மெலிந்து படுத்திருந்தார். சுகம் விசாரிக்கத் தொடங்கிய என்னைக் கையால் மறித்து, "அந்த யன்னலைப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். நல்ல யன்னல்தான். "நிண்டால் பனை தெரியும், இருந்தால் வானம் தெரியும். படுத்தால் ஒரு மண்ணும் தெரியாது. யன்னலுக்குக் கீழை கட்டு உயரம். படுக்கையிலை கிடக்கிற வருத்தக்காரரை யோசிக்காமல் கீறிப்போட்டன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகும் சிரித்தார். "பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ அண்ணை. ஒருக்காப் படுத்தும் பாக்கவேணும்." அடுத்த கிழமையே தங்கையின் கணவர் அந்த யன்னலுக்குக் கீழிருந்த சுவரை உடைத்து யன்னலைத் தாழ்த்தினார் என்று பிறகு அறிந்தேன். கடைசி நாட்களில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். யன்னல் இப்போது சரி என்று தங்கையிடம் சொன்னாராம்.

கோமதியிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துவைத்துக்கொள்வது அந்தக் கடைசிப் பாடத்தைத்தான். என் இந்த வருடத்து மாணவர்கள் ஒரு கிராமத்து வைத்தியசாலைக்கு வார்டு வடிவமைக்கிறார்கள். போன கிழமை எல்லாரையும் வகுப்பறை நிலத்தில் படுக்கச் சொன்னேன். நானும் படுத்தேன். மேலே என்ன தெரிகிறது, காற்று எங்கே படுகிறது, யார் வந்தால் முகம் தெரியும் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த வழியால் வந்த கல்லூரி அதிபர் வாசலில் திகைத்து நின்றுவிட்டார்.

"என்ன மாஸ்டர், ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை சேர்," என்றேன், படுத்தபடியே. "படிப்பு நடக்குது."