கழுவி வைத்த குக்கர்

அன்பரசி அந்தத் துணிப்பையைத் தரையில் வைப்பதே இல்லை. புதுப்பட்டினத்தில் பஸ் ஏறியதிலிருந்து செங்கல்பட்டு நுகர்வோர் ஆணைய வராந்தா வரை மடியிலேதான். குளிராத பிரிட்ஜுக்காக வழக்குப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பையில் என்ன என்று கேட்டேன்.

"நம்ம கேஸு சார். உள்ள குந்திகினு கீது."

வாங்கி நாலே மாதமான குக்கர். ஒரு காலை, பருப்பு வைத்திருக்கையில், விசில் வராமலே மூடி பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. வெந்த வலது கை ஆறியது. மூன்று விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. அணுபுரம் குடியிருப்பில் மூன்று வீடுகளுக்குச் சமைத்தவர். இரண்டு வீட்டார் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மிச்ச வீட்டில் இடது கையால் கிளறிச் சமாளிக்கிறார்.

கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டினார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. தயாரித்தவர், விற்றவர் இருவர் மீதும் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை என்று மகள் ஜாய்ஸ்தான் தேடிக் கண்டுபிடித்து மனு எழுதித் தந்தாள். பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, கையின் போட்டோ எல்லாம் தேதிவாரியாக நூலில் கோத்திருக்கிறார் அன்பரசி. வக்கீல் வைக்கச் சொன்னவர்களுக்கு ஒரே பதில்: "வெந்தது என் கை. வேற எவன் பேசுவான்?"

இத்தனை கெட்டிக்காரி ஒரு காரியம் செய்தார். கம்பெனி ஆள் வருகிறார் என்றதும் இடது கையாலேயே குக்கரைத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டார். இப்போது கம்பெனி வக்கீல், ஆவித் துளையில் பருப்பு அடைத்திருந்தது, சுத்தம் செய்யாதது அவர் தப்பு என்கிறார். இல்லையென்று காட்டத் தடயமில்லை. ஏன் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேக்குற? கழுவாத பாத்திரத்த அடுத்தவங்க கைல குடுப்பாங்களா?"

என் வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அழுத்தம் ஏறினால் ஆவியை வெளியே விட வேண்டிய சேஃப்டி வால்வு திறக்காமல் முழுசாக மூடியிலேயே இருக்கிறது. அதன் இடுக்கில், அவர் தேய்த்த நார் எட்டாத பருப்புக் கறை; அன்றைய நிலையைச் சொல்லக் கழுவாமல் தப்பியது அது ஒன்றுதான். ஆய்வகம் பார்க்கட்டும், இருப்பதை இருந்தபடி ஒப்படையுங்கள் என்று ஆணையம் சொல்லியிருந்தது. இன்றைக்கு அதற்குத்தான் வந்திருக்கிறார்.

பெயர் கூப்பிட்டார்கள். நானும் எழுந்து வாசலில் நின்றுகொண்டேன். சீல் வைக்க அரக்கும் துணியுமாக உட்கார்ந்திருந்த ஊழியர் கை நீட்டினார். அன்பரசி மூடியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கறை மஞ்சளாகத் தெரிந்தது. அவருடைய இடது கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூடியைத் துடைக்கப் போனது.

கறைக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கை நின்றது. முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். பிறகு, ஊழியர் முகத்தைப் பார்க்கக் கூசியவராகத் தலையைக் குனிந்துகொண்டு, மூடியை அழுக்கோடு நீட்டினார்.